கண்டாராம், கண்டார்

தரம் 8 வகுப்பில் விஞ்ஞானப் பாடம். முள்ளந்தண்டுளிகளை வகைப்படுத்திக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். மீன்கள், ஈரூடகவாழிகள், நகருயிர்கள், பறவைகள், முலையூட்டிகள் என்று எழுதி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“சேர், கடற்கன்னி இதில எந்த வகை?”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அது கதையில் வருகிற ஒன்று என்றேன்.

“இல்ல சேர். அண்ணாட போனில விவரணப் படம் பாத்தனான். கடலுக்க போய்ப் படம் பிடிச்சிருக்கிறாங்க. விஞ்ஞானி ஒருத்தர் வந்து கதைக்கிறார். பொய்யெண்டா விஞ்ஞானி கதைப்பாரா?”

அவனுடைய அம்மப்பா கொட்டியாரக் குடாவில் நாற்பது வருடம் வலை போட்டவர். கடலோடு பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கடலைப் பற்றி ஒரு கைத்தொலைபேசி சொல்லிக் கொடுத்திருக்கிறது. நாளை பதில் சொல்கிறேன் என்று அவனை இருத்தினேன். மூதூருக்குத் திரும்பும் வழியில், பாலத்தைக் கடக்கும்போதும் அந்தக் கேள்வியே மனதில் நின்றது. அவன் கேட்டது கடற்கன்னியைப் பற்றி மட்டுமல்ல. யார் சொன்னால் நம்பலாம் என்பதையே அவன் கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தகுதியுள்ளவன்தானா என்ற ஐயம் எனக்குண்டு. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

அவன் பார்த்தது எது என்பது எனக்குத் தெரியும். 2012 மே மாதத்தில் அனிமல் பிளனட் அலைவரிசை ‘மேர்மெயிட்ஸ்: த பொடி ஃபவுண்ட்’ என்றொரு படத்தை ஒளிபரப்பியது. ஆராய்ச்சியாளர்கள் கடற்கன்னியின் எச்சங்களைக் கண்டதாகவும், அரசாங்கம் அதை மறைத்ததாகவும் அது சொன்னது. அதில் விஞ்ஞானிகளாக வந்து பேசியவர்கள் நடிகர்கள். கடலடிக் காட்சிகள் கணினியில் செய்யப்பட்டவை. இது கற்பனை என்ற அறிவிப்பு, படம் முடிந்து பெயர்கள் ஓடும் இடத்தில் சிறிதாக வந்து போனது. மக்கள் கேட்ட கேள்விகளால் அமெரிக்காவின் தேசிய சமுத்திர, வளிமண்டல நிர்வாகம் அவ்வருடமே ஓர் அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. நீரில் வாழும் மனித உருவுக்கு ஒருபோதும் ஆதாரம் கிடைத்ததில்லை என்பது அதன் சாரம். அடுத்த வருடம் அதே அலைவரிசை இரண்டாம் பாகத்தை ஒளிபரப்பியது. அந்த அலைவரிசையின் அதுவரையான வரலாற்றில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அதுவே. அந்தப் படங்களிலிருந்து வெட்டிய துண்டுகள் இப்போது தமிழ்க் குரலோடு கைத்தொலைபேசிகளில் சுற்றுகின்றன. கடைசியில் வந்த அந்தச் சிறிய அறிவிப்பு துண்டுகளில் இல்லை.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் தொலைக்காட்சியும் மாணவரும் பற்றி ஓர் ஒப்படை எழுதினேன். அதில் நிகழ்ச்சிகளை மூன்று படிகளில் வைத்தேன். விவரணப் படங்கள் அறிவு தருபவை, ஆகவே முதற்படி. குடும்ப நாடகங்கள் நேரத்தைத் தின்பவை, ஆகவே இரண்டாம் படி. இரத்தமும் இருளும் நிறைந்த திரைப்படங்கள் மனதைக் கெடுப்பவை, ஆகவே கடைசிப் படி. நல்ல புள்ளிகளும் கிடைத்தன. அந்த ஒப்படையை இன்று எழுதினால் வரிசையைத் தலைகீழாக மாற்றியே எழுதுவேன். ஏன் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் சினிமா விமர்சகனல்லன். வேலை முடிந்து வந்து, ஓடுவதைப் பார்க்கும் சாதாரண பார்வையாளன். பிழையிருப்பின் வாசகர்கள் பொறுத்தருள்க.

முதலில் நாடகங்கள். 1999இல் தொடங்கிய ‘சித்தி’, 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’, 2003 முதல் 2009 வரை 1,500 அங்கங்களைத் தாண்டி ஓடிய ‘கோலங்கள்’ ஆகியவற்றை நமது வீடுகளில் பார்க்காதவர் குறைவு. இவற்றைப் பற்றி நாம் சொல்லும் குறைகள் அனைவருக்கும் மனப்பாடம். ஒரு வார்த்தை கேட்டால் மூன்று முகங்களை மூன்று முறை காட்டுவார்கள். ஒரு வீட்டில் ஒருத்தியாவது இன்னொருத்தியைக் கெடுக்கத் திட்டமிட்டபடியே இருப்பாள். கூடப் பிறந்தவர்களையும் சந்தேகிக்கப் பழக்குகின்றன என்ற குற்றச்சாட்டை நானும் ஏற்கிறேன்.

ஆனால் எனக்கு ஒரு காட்சி மறக்கவில்லை. 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது எங்கள் மக்கள் கந்தளாய்க்கு நடந்தார்கள். கூடாரங்களில் இருந்த அந்த நாட்களில், உறவினர் வீடொன்றில் தொலைக்காட்சி பார்த்துவிட்டு வந்த ஒரு பெண்ணைச் சுற்றி உம்மாவும் வேறு பத்துப் பெண்களும் அமர்ந்திருந்தார்கள். ‘கோலங்கள்’ கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். “அபி அழுதாளாம். அவன் கேட்டும் கேளாத மாதிரிப் போனானாம்.” வீடு என்னவாயிற்று, ஆடு மாடு என்னவாயிற்று என்று தெரியாத பெண்கள் அபிக்காக ‘உச்’ கொட்டினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. சொந்தத் துயரம் போதாதென்று இவர்களுக்கு இதுவும் தேவையா என்று நினைத்தேன்.

இப்போது நினைத்தால் அந்த ‘ஆம்’தான் காதில் நிற்கிறது. அழுதாளாம். போனானாம். அந்தப் பெண் அதைத் தன் கண்ணால் திரையில் பார்த்தவள். இருந்தும் அழுதாள் என்று அவள் சொல்லவில்லை. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்’ என்று உம்மம்மா கதை தொடங்கியபோது போட்ட அதே ‘ஆம்’. இது நான் கண்ட உண்மையல்ல, சொல்லக் கேட்டது, கதை, என்று அந்த ஓர் எழுத்து ஒப்புக்கொள்கிறது. பல மொழிகள் இதற்காக ஒரு தனி வாக்கியத்தையே செலவழிக்க வேண்டும். தமிழில் வினையின் வாலில் ஒட்டிவிட்டால் போதும். அந்தக் கூடாரத்தில் ஒருவரும் ஏமாறவில்லை. கதையைக் கதை என்று தெரிந்துகொண்டே, சொந்தத் துயரத்துக்கு அழ முடியாத கண்ணீரை அபிக்காக அழுதார்கள்.

இரண்டாவது, இருண்ட படங்கள். 2007இல் வீடு திரும்பிய பின் நண்பர் ஒருவருடைய வீட்டில் அமீர் இயக்கிய ‘பருத்திவீரன்’ படத்தை சீடீயில் பார்த்தோம். அதன் இறுதிக் காட்சியில் நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். உண்மையான உடல்களை வழியில் கண்ட மக்களுக்கு நடிப்பு உடல் எதற்கு என்பது என் எண்ணம். படம் முடிந்து நண்பர் வெளியே வந்து பக்கத்தில் அமர்ந்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு கந்தளாய்க்கு நடந்த வழியில் தான் கண்ட ஒன்றை முதல் முறையாகச் சொல்லத் தொடங்கினார். ஒரு வருடமாக மனைவியிடம்கூடச் சொல்லாதது அது. அதை இங்கு எழுத எனக்கு உரிமையில்லை.

அந்தப் படத்தை நான் பிற்பாடு முழுதாகப் பார்த்தேன். வீரன் முன்பு பிறருக்குச் செய்த கேடு, அவன் நேசித்த முத்தழகின் மேல் வந்து விழுகிறது. குற்றத்தைச் செய்தவனைத் தாண்டி அதன் விளைவு குற்றமற்றவரைச் சென்று தாக்கும் என்பதை அது ஒளிக்காமல் காட்டுகிறது. நமது போரும் அப்படித்தான் நடந்தது. ஃபாஸில் 1993இல் மலையாளத்தில் எடுத்த ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தின் கதையைத் தழுவி 2005இல் தமிழில் ‘சந்திரமுகி’ வந்தது. பேய்ப் படம் என்றுதான் நாம் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பயமுறுத்தினோம். ஆனால் அந்தக் கதையில் பேய் இல்லை. ஒரு பெண்ணின் மனம் நோயுற்றிருக்கிறது, அதை ஒரு மனநல மருத்துவர் கண்டறிகிறார். பேய் பிடித்தவள் என்று முத்திரை குத்தாமல் நோயாளி என்று பார்க்கச் சொல்கிறது படம். அந்த மருத்துவம் புத்தகத்தில் உள்ளபடி இல்லை என்பது வேறு விடயம். திரைப்படம் தொடங்கும்போதே நடிகர்களின் பெயர்கள் ஓடுகின்றன. அதுவும் ஒரு ‘ஆம்’தான்.

மூன்றாவது, அமானுஷ்யம் காட்டும் விவரணப் படங்கள். பாழடைந்த வீட்டில் இரவில் பச்சை நிற ஒளியில் சிலர் நடப்பார்கள். ஏதோ கருவி கீச்சிடும். “இதோ, கண்டோம்” என்பார்கள். இந்தப் படங்கள் ‘ஆம்’ என்பதை உதறிவிட்டன. இருந்ததாம் என்று சொல்ல வேண்டியதை இருந்தது என்கின்றன. இதுதான் என் முறைப்பாடு. பயமுறுத்துகின்றன என்பதல்ல.

நீர் ஜின்களை நம்புகிறவர்தானே, இதை மட்டும் ஏன் மறுக்கிறீர் என்று ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நம்புகிறேன். குர்ஆனின் 72ஆம் அத்தியாயத்தின் பெயரே அல்ஜின். ஆனால் மறைவானதை நம்புவது வேறு, மறைவானதை நான் படம் பிடித்தேன் என்று சொல்வது வேறு. முன்னது என் அறிவுக்கு எல்லையுண்டு என்ற பணிவு. பின்னது அந்த எல்லையைத் தாண்டிவிட்டேன் என்ற உரிமை கோரல். உரிமை கோருபவர் ஆதாரம் காட்ட வேண்டும்.

ஒருவர் கண்டதையும் கேட்டதையும் நேர்மையாகச் சொல்லிப் பிழைபடவும் கூடும். அதற்கு உதாரணம் எங்கள் ஊரிலேயே உண்டு. 1660இல் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், ஏறத்தாழ 20 வருடம் இந்த நாட்டில் சிறையிருந்து தப்பி, 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டார். இரவில் பிசாசின் குரலைத் தன் காதாலேயே பலமுறை கேட்டதாக அதில் எழுதுகிறார். கிட்டத்தட்ட நாய் குரைப்பது போன்ற கூரிய ஒலி என்கிறார். சிங்கள மக்கள் ‘உலமா’ என்று அஞ்சிய அந்தக் குரல் காட்டிலுள்ள பெரிய ஆந்தை வகையொன்றினுடையது என்பதே இன்று பறவையியலாளர் பலரின் கருத்து. நொக்ஸ் பொய் சொல்லவில்லை. எங்கே கேட்டேன், எப்படிக் கேட்டது என்று அவர் பிரித்து எழுதியபடியால்தான், பின்வந்தவர்கள் அந்த ஒலியைத் தேடி ஆந்தையிடம் போய்ச் சேர முடிந்தது. நேர்மையான சாட்சி பிழையானாலும் உண்மைக்குப் பயன்படும். போலிச் சாட்சியைப் பின்தொடர்ந்து போனால் ஒரு நடிகரிடம்தான் போய்ச் சேரலாம்.

இன்னோர் உதாரணம். இங்கிலாந்துப் பொறியியலாளர் விக் டான்டி தன் ஆய்வுகூடத்தில் இரவில் வேலை செய்யும்போது வியர்த்தது. யாரோ பார்ப்பது போலிருந்தது. கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவமொன்று தோன்றி, திரும்பினால் மறைந்தது. மறுநாள், போட்டிக்காகத் திருத்தவென்று இடுக்கியில் பொருத்தி வைத்த மெல்லிய வாளின் அலகு தானாக அதிர்வதைக் கண்டார். பேய் என்று ஓடாமல் அதிர்வின் மூலத்தைத் தேடினார். புதிதாகப் பூட்டிய மின்விசிறியொன்று செக்கனுக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகளை எழுப்பிக்கொண்டிருந்தது. மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லை ஏறத்தாழ 20. விசிறியைச் சரிசெய்ததும் அந்த உணர்வு போயிற்று. 1998இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். எல்லாப் பேய்களுக்கும் விசிறிதான் காரணம் என்று இதற்குப் பொருளல்ல. கண்டதிலிருந்து முடிவுக்குப் பாயாமல் நடந்து போனார் என்பதே இதில் எனக்குப் பிடித்தது.

இனி நான் முன்பு தள்ளிவைத்த காரணத்தைச் சொல்ல வேண்டும். 2011 ஓகஸ்ட் மாதம். புனித ரமழான். நாடெங்கும் கிறீஸ் மனிதன் பற்றிய பீதி. உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவில் வந்து பெண்களைத் தாக்குவதாகப் பேச்சு. கிண்ணியாவில் பொதுமக்களுக்கும் கடற்படையினருக்குமிடையே மோதல் ஏற்பட்டது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் இரவோடிரவாக இளைஞர்கள் பிடித்துச் செல்லப்பட்டு அடிக்கப்பட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் தமிழர்களும் இந்தப் பக்கம் நாங்களும் ஒரே பயத்தில் விழித்திருந்தோம். போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

ஒரு நாள் பாடசாலையில் சக ஆசிரியர் ஒருவர், பக்கத்துக் கிராமத்தில் கூரை மேல் ஒருவன் நின்றதை யாரோ கண்டார்களாம் என்றார். அன்றிரவு தராவீஹ் முடிந்து தேநீர்க் கடையில் நான் அதைச் சொன்னேன். “கண்டார்களாம்” என்றுதான் முதலில் சொன்னேன். யார், எவர் என்று கேட்டார்கள். சுற்றி நின்றவர்களின் கண்கள் என் மேல் இருந்தன. இரண்டாம் முறை சொன்னபோது, “எனக்குத் தெரிந்த ஒருவர் கண்டார்” என்றேன். விரல்களில் இரும்பு நகம் பூட்டியிருந்ததையும் சேர்த்தேன். அந்த நகம் எங்கிருந்து வந்தது என்று வெகு காலம் யோசித்திருக்கிறேன். ஏதோ ஓர் ஆங்கிலப் படத்தில் பார்த்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு, வெளியூரிலிருந்து சைக்கிளில் வந்த ஒரு வியாபாரியை இளைஞர்கள் பிடித்து மின்கம்பத்தில் கட்டினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய வாயில் இரத்தம். பையைக் கொட்டியிருந்தார்கள். எட்டு நுளம்பு வலையும் ஒரு சாரமும் ஒரு போத்தல் தண்ணீரும் இருந்தன. அவருடைய நகங்களைப் பார்த்தீர்களா என்று ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் வந்து அவரை அவிழ்த்து விட்டார்கள். அடித்தவர்களில் ஒருவன் என்னிடம் ரியூசன் படித்தவன். ஏன்டா என்று கேட்டேன்.

“சேர்தானே சொன்னீங்க” என்றான்.

நான் ஒரு விவரணப் படம் எடுத்தவனாகிவிட்டேன். ஆசிரியன் என்ற பெயர்தான் அந்தப் படத்தில் நடித்த விஞ்ஞானி. அந்த வியாபாரி அதன்பின் எங்கள் தெருவுக்கு வரவில்லை. எந்த ஊர் என்றும் அன்று நாங்கள் கேட்கவில்லை.

இதில் இன்னொரு பாதிப்பும் உண்டு. அந்த நாட்களில் தங்களைச் சிலர் உண்மையாகவே தாக்கினார்கள் என்று சொன்ன பெண்கள் இருந்தார்கள். அவர்களில் எவர் கண்டதைச் சொன்னார், எவர் கேட்டதைச் சொன்னார் என்று பிரிக்க முடியாதபடி எங்களைப் போன்றவர்கள் செய்துவிட்டோம். எல்லாம் வதந்தி என்று அதிகாரிகள் ஒரே வார்த்தையில் மூடிவிட வசதியாயிற்று. எங்கள் பிரதேசம் சாட்சிகளை நம்பி வாழ வேண்டிய பிரதேசம். 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. காணாமற்போனவர்களின் தாய்மார் இரு சமூகங்களிலும் இருக்கிறார்கள். “நான் கண்டேன்” என்ற சொல் மலிந்துபோனால் முதலில் நட்டப்படுவது இவர்கள்தான். வேடிக்கைக்காகப் போலிச் சாட்சியம் செய்கிறவருக்கு இந்த நட்டம் தெரிவதில்லை.

‘ஆம்’ சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடுமா, வதந்தி பரப்புகிறவனும் “சொன்னாங்களாம்” என்று அதன் பின்னால்தானே ஒளிகிறான் என்று வாசகர் கேட்கலாம். உண்மைதான். ‘ஆம்’ என்பது முடிவல்ல. நான் சாட்சியல்லன் என்ற அறிவிப்பு மட்டுமே அது. அடுத்து, யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்ற கேள்வி வர வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. ஹதீஸ் கலை முழுவதும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. 9ஆம் நூற்றாண்டில் இமாம் புகாரி போன்றோர் செய்தியை மட்டும் பார்க்கவில்லை, அறிவிப்பாளர் வரிசையில் ஒவ்வொருவரும் எப்படிப்பட்டவர், ஒருவரையொருவர் சந்தித்திருக்க முடியுமா என்றும் பார்த்தார்கள். கேட்டதையெல்லாம் பரப்புகிறவனைப் பொய்யனோடு சேர்த்து வைக்கும் நபிமொழியை நாம் குத்பாவில் எத்தனை முறை கேட்டிருப்போம். நானும் கேட்டிருந்தேன். கேட்டுவிட்டுத்தான் தேநீர்க் கடைக்குப் போனேன்.

செயற்கை நுண்ணறிவால் எந்த முகத்தையும் எந்த வார்த்தையையும் பேச வைக்கக்கூடிய இக்காலத்தில், படம் இருக்கிறது என்பதே ஆதாரமாகாது. பிள்ளைகளிடமிருந்து கைத்தொலைபேசியைப் பறித்துவிட்டு இதற்குத் தீர்வு கண்டேன் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பயப்படுவதில் ஓர் இன்பம் இருக்கிறது. பிள்ளைகள் பயப்படட்டும். நல்ல பேய்க் கதை நல்லதுதான். கதையென்று சொல்லிவிட்டுச் சொல்லட்டும் என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. கடற்பசுவைப் பற்றியும், 1493இல் கொலம்பஸ் கடற்கன்னிகளைக் கண்டதாகச் சொன்னதையும், அவர் கண்டது கடற்பசுவின் இனத்தையொத்த ஒரு விலங்கையே என்று இன்று கருதப்படுவதையும் சொன்னேன். திருகோணமலைக்கு அப்பால் ஆழக்கடலில் நீலத்திமிங்கிலம் வருவதைச் சொன்னபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். கொப்பியில் மூன்று நிரல்கள் போட வேண்டும்: கண்டது, கேட்டது, நினைத்தது. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கடலைப் பற்றிக் கேட்டு, அவர் சொல்வதை நிரல்களில் பிரித்து எழுத வேண்டும்.

அவன் தன் அம்மப்பாவிடம் கேட்டு எழுதி வந்தான். ‘கண்டது’ நிரலில், இரவில் துடுப்புப் போடும்போது தண்ணீரில் நெருப்புப் போல வெளிச்சம் என்று எழுதியிருந்தான். ‘கேட்டது’ நிரலில், பெரிய மீன் ஒன்று வள்ளத்தைக் கவிழ்த்ததாம் என்று இருந்தது. கடற்கன்னியைப் பற்றி அம்மப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“காணாததை நான் எப்பிடியடா சொல்ற எண்டு கேட்டார், சேர்.”

அன்றிரவு உம்மா நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஒரு கொப்பியை விரித்து, அதே மூன்று நிரல்களைப் போட்டு, 2011 ஓகஸ்டில் தேநீர்க் கடையில் நான் சொன்ன கதையைப் பிரித்து எழுதிப் பார்த்தேன். ‘கேட்டது’ நிரலில் ஒரு வரி வந்தது. ‘நினைத்தது’ நிரலில் இரும்பு நகம் வந்தது. ‘கண்டது’ நிரலில் எழுதுவதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.